அடிகளின் எண்ணிக்கையும் அச்சத்தின் அளவும்: குடும்ப வன்முறையில் பாலினச் சமச்சீர் வாதம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

குடும்ப வன்முறையில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சம அளவில் ஈடுபடுகின்றனர் என்னும் கருத்து 1970களின் இறுதியில் அமெரிக்கச் சமூகவியலில் உருப்பெற்றது. இன்று அது இந்தியச் சட்ட விவாதங்கள் வரை வந்து சேர்ந்துள்ளது. இக்கருத்துக்கு அடிப்படையாக அமைந்த அளவுகோல், மாதிரித் தேர்வு, எண்களை வாசிக்கும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. செயல்களை மட்டும் எண்ணும்போது தோன்றும் சமநிலை, காயம், அச்சம், கட்டுப்பாடு, மரணம் ஆகியவற்றை அளக்கும்போது நிலைப்பதில்லை. எனினும் வன்முறைக்கு உள்ளாகும் ஆண்களை மறுப்பதற்கு இவ்வேறுபாடு சான்றாகாது. சமச்சீர் வாதமே அவ்வாண்களின் துயரைச் சரிவரக் காணத் தவறுகிறது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குடும்ப வன்முறை, பாலினச் சமச்சீர், மோதல் உத்திகள் அளவுகோல், அடக்கிக் கட்டுப்படுத்தல், தேசியக் குடும்பநல ஆய்வு.

முன்னுரை

குடும்ப வன்முறை பற்றிய உரையாடல்களில் இருவேறு கூற்றுகள் அடிக்கடி எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. ஒன்று, வன்முறை என்பது ஆண் பெண்ணுக்கு இழைப்பது. மறுதலையாக நிகழ்வன விதிவிலக்குகள் என்பது. மற்றொன்று, ஆண்களும் அதே அளவில் பாதிக்கப்படுகின்றனர்; சமூகமும் சட்டமும் அதனைக் காண மறுக்கின்றன என்பது. இரு தரப்பினரும் புள்ளிவிவரங்களையே துணைக்கு அழைக்கின்றனர். அவ்வெண்கள் பொய்யானவை அல்ல. ஆயினும் அவை ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றுகின்றன.

இம்முரணுக்குக் காரணம் எண்களில் இல்லை. எண்ணப்பட்ட பொருளில் உள்ளது. எதை வன்முறை எனக் கொண்டனர், யாரிடம் கேட்டனர், எக்காலத்தைக் குறித்துக் கேட்டனர், விளைவைக் கேட்டனரா என்னும் வினாக்களுக்கான விடைகளே முடிவைத் தீர்மானிக்கின்றன. இவ்வினாக்களைக் கொண்டு சமச்சீர் வாதத்தின் வரலாற்றையும் அது இந்தியத் தரவுகளில் கையாளப்படும் விதத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோலின் தோற்றம்

அமெரிக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ், ரிச்சர்ட் கெல்லஸ், சூசன் ஸ்டைன்மெட்ஸ் ஆகியோர் 1975இல் தேசிய அளவிலான குடும்ப வன்முறை ஆய்வு ஒன்றை நடத்தினர். 2,143 குடும்பங்கள் அதில் இடம்பெற்றன. இதற்கெனப் பயன்படுத்தப்பட்ட கருவி 'மோதல் உத்திகள் அளவுகோல்' என்பதாகும்; ஸ்ட்ராஸ் இதனை 1979இல் விளக்கி வெளியிட்டார். இணையருக்குள் கருத்து வேறுபாடு எழும்போது கடந்த ஓராண்டில் எத்தனை முறை தள்ளினர், அறைந்தனர், உதைத்தனர், பொருளால் தாக்கினர், ஆயுதம் காட்டினர் என்று அது பட்டியலிட்டுக் கேட்கும்.

அதன் முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. மனைவிமீது வன்முறை செலுத்திய கணவர் 12.1 விழுக்காடு, கணவர்மீது வன்முறை செலுத்திய மனைவியர் 11.6 விழுக்காடு. கடுமையான வன்முறை என வகுக்கப்பட்ட செயல்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கணவர் 3.8 விழுக்காடு, மனைவியர் 4.6 விழுக்காடு. இவ்வெண்களிலிருந்தே 'பாலினச் சமச்சீர்' என்னும் வாதம் பிறந்தது.

இங்கு ஒன்றைக் குறிப்பிடுதல் நேர்மையாகும். மனைவியர்மீதான வன்முறைக்கே முதற்கவனம் தேவை என ஸ்ட்ராஸ் தம் தொடக்க கால எழுத்துகளிலேயே வற்புறுத்தியுள்ளார். கணவரின் தாக்குதல்கள் மிகுந்த காயம் விளைவிப்பவை, திரும்பத் திரும்ப நிகழ்பவை. மனைவியரின் தாக்குதல்களில் தற்காப்பும் அடங்கும். பொருளாதாரச் சார்பினால் மனைவியர் வெளியேற இயலாது என்பன அவர் காட்டிய காரணங்களுள் சில. அவர் எண்களை எடுத்தாண்ட பலரும் இவ்விளக்கத்தை எடுத்தாளவில்லை. சமச்சீர் வாதத்தின் முதற் பிழை இவ்விடத்திலேயே தொடங்குகிறது.

அளவுகோல் காணாதவை

ரெபெக்கா டோபாஷ், ரஸ்ஸல் டோபாஷ் ஆகிய இருவரும் 1979இல் வெளியிட்ட நூலிலும், 1992இல் பிற அறிஞருடன் இணைந்து எழுதிய கட்டுரையிலும் இவ்வாய்வு முறையைக் கடுமையாக மறுத்தனர். அவர்தம் மறுப்பையும் பின்வந்தோர் மறுப்புகளையும் நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, அளவுகோல் செயலைச் சூழலிலிருந்து பிரித்துவிடுகிறது. கழுத்தை நெரிப்பவனின் கையைக் கடித்துத் தப்பும் பெண்ணும் அப்பட்டியலில் ஒரு வன்முறையாளராகவே பதிவாவாள். இரண்டாவது, 'கருத்து வேறுபாடு எழும்போது' என்று கேள்வி தொடங்குகிறது. பூசல் ஏதுமின்றி, அடக்கி வைப்பதற்காகவே நிகழ்த்தப்படும் வன்முறை அக்கேள்விக்குள் எளிதில் அடங்குவதில்லை. மூன்றாவது, பாலியல் வன்முறையும் காயமும் மூல அளவுகோலில் இடம்பெறவில்லை. 1996இல் வெளியான திருத்திய வடிவத்திலேயே அவை சேர்க்கப்பட்டன. நான்காவது, முதல் ஆய்வு சேர்ந்து வாழ்ந்த இணையரையே கணக்கில் கொண்டது. பிரிய முற்படும்போதும் பிரிந்த பின்னும் நிகழும் தாக்குதல்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

கேள்வியின் சட்டகத்தை மாற்றினால் விடையும் மாறும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்றுண்டு. 1995–96இல் 8,000 பெண்களிடமும் 8,000 ஆண்களிடமும் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, வன்முறையைப் பூசலின் பகுதியாகக் கேளாமல், தனிமனிதப் பாதுகாப்பு பற்றிய கேள்வியாகக் கேட்டது. வாழ்நாள் முழுமையையும் முன்னாள் இணையரையும் உட்படுத்தியது. இணையரால் உடல்ரீதியாகத் தாக்கப்பட்டதாகக் கூறிய பெண்கள் 22.1 விழுக்காடு, ஆண்கள் 7.4 விழுக்காடு. ஏறத்தாழச் சமமாக இருந்த விகிதம் இங்கு மூன்றுக்கு ஒன்றாகிறது. ஒரே நாடு; கேள்வி மட்டுமே வேறு.

இரு மாதிரிகள், இரு வன்முறைகள்

இரு தரப்பினரின் எண்களும் மெய்யாக இருத்தல் எங்ஙனம் இயலும் என்பதற்கு விளக்கம் தந்தவர் மைக்கேல் ஜான்சன். 1995இல் வெளியிட்ட கட்டுரையில், இரு தரப்பினரும் வெவ்வேறு நிகழ்வுகளை ஆராய்கின்றனர் என்றார். பொதுமக்களிடம் நடத்தப்படும் ஆய்வுகள், வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாகும் 'சூழல்சார் இணையர் வன்முறை'யையே பெரும்பாலும் பதிவு செய்கின்றன. காப்பகம், காவல் நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றிலிருந்து திரட்டப்படும் தரவுகளோ, ஒருவர் மற்றவரின் வாழ்வு முழுவதையும் கட்டுக்குள் வைத்திருக்கும் 'நெருங்கிய உறவின் பயங்கரவாத'த்தைப் பதிவு செய்கின்றன. இவ்விரண்டுக்கும் அப்பால், அக்கொடுமைக்கு எதிராகப் பாதிக்கப்பட்டவர் திருப்பித் தாக்கும் 'எதிர்ப்பு வன்முறை'யையும் அவர் பின்னர் வகைப்படுத்தினார்.

1970களில் பிட்ஸ்பர்க் நகரில் திரட்டப்பட்ட தரவுகளை இவ்வகைப்பாட்டின்படி அவர் மீள ஆராய்ந்தபோது, சூழல்சார் வன்முறையாளருள் ஆண்கள் 56 விழுக்காடாகவும், பயங்கரவாத வகையில் 97 விழுக்காடாகவும் இருந்தனர். இத்தரவு மனைவியரின் வாக்குமூலத்தை மட்டுமே கொண்டது என்பதை நாம் மறத்தலாகாது. 97 என்பதை எல்லாச் சமூகங்களுக்கும் பொருந்தும் எண்ணாகக் கொள்வதும் பொருந்தாது. ஆயினும் வகைப்பாட்டின் பயன் எண்ணைச் சார்ந்ததன்று. 'வன்முறை' என்னும் ஒரே சொல்லின்கீழ் இருவேறு பொருள்கள் அடைக்கப்பட்டிருந்தன என்பதை அது வெளிப்படுத்தியது.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்ததன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1980களில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், குடும்ப வன்முறைப் புகாரில் கைது செய்தலைக் கட்டாயமாக்கும் அல்லது ஊக்குவிக்கும் விதிகள் வந்தன. அதன்பின் இருவர் உடலிலும் அடித்தடம் கண்ட காவலர் இருவரையும் கைது செய்யும் 'இரட்டைக் கைது'கள் பெருகின. தற்காத்துக்கொண்ட பெண்கள் குற்றவாளிகளாயினர். பின்னர், முதன்மைத் தாக்குநர் யார் என்பதைக் காவலர் கண்டறிதல் வேண்டும் எனப் பல மாநிலங்கள் சட்டம் இயற்ற நேர்ந்தது. செயலை மட்டும் எண்ணும் பார்வை சட்டமாகும்போது யார் பாதிக்கப்படுவர் என்பதற்கு இது தெளிவான சான்று.

காயமும் மரணமும்

ஜான் ஆர்ச்சர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு இரு தரப்பினராலும் மேற்கோள் காட்டப்படுவது. இணையர்மீது உடல்வன்முறைச் செயல் ஏதேனும் ஒன்றைப் புரிவதில் பெண்கள் ஆண்களைவிடச் சற்றே முந்துகின்றனர் என்பது அதன் ஒரு முடிவு. காயமடைந்தோருள் 62 விழுக்காட்டினர் பெண்கள் என்பது மற்றொரு முடிவு. முதல் முடிவை மட்டும் சுட்டுவோர் பெண்ணின் காயத்தை மறைக்கின்றனர். இரண்டாவதை மட்டும் சுட்டுவோர், காயமடைந்தோருள் மூவரில் ஒருவருக்கு மேல் ஆண் என்பதை மறைக்கின்றனர். ஒரே ஆய்வின் இரு முடிவுகளையும் சேர்த்துச் சொல்வதே ஆய்வு நேர்மை.

மரணத்தைப் பொறுத்தவரை வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. 2013இல் லான்செட் இதழில் வெளியான உலகளாவிய ஆய்வின்படி, கொல்லப்பட்ட பெண்களுள் 38.6 விழுக்காட்டினரும், கொல்லப்பட்ட ஆண்களுள் 6.3 விழுக்காட்டினரும் தம் இணையரால் கொல்லப்பட்டவர்கள். கொலைக்கு நினைவுப் பிழையில்லை. தன்மதிப்பீட்டுச் சாய்வும் இல்லை. அளவுகோல் பற்றிய சர்ச்சைகள் இங்கு பெரிதும் ஓய்ந்துவிடுகின்றன.

இந்தியத் தரவுகளும் அவற்றின் வாசிப்பும்

இந்தியாவில் இப்பொருள் பற்றிய பெருந்தரவு தேசியக் குடும்பநல ஆய்விலிருந்து கிடைக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாம் சுற்றின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான அல்லது திருமணமாகிப் பிரிந்த பெண்களுள் 29.3 விழுக்காட்டினர் கணவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியுள்ளனர். தமிழ்நாட்டில் இது ஏறத்தாழ 38 விழுக்காடு. நாட்டுச் சராசரியைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மிகுதி. கல்வியிலும் பெண்களின் பணிப்பங்கேற்பிலும் முன்நிற்பதாகக் கருதப்படும் மாநிலத்தில் இவ்வெண் தனித்த ஆய்வை வேண்டுகிறது.

இவ்வாய்வும் மோதல் உத்திகள் அளவுகோலின் வழிவந்த பட்டியலையே பயன்படுத்துகிறது என்பது கருதத்தக்கது. ஆயின் அது அத்துடன் நின்றுவிடவில்லை. கணவரிடம் உள்ள அச்சம், கணவரின் கட்டுப்பாட்டுச் செயல்கள், விளைந்த காயம் ஆகியவற்றையும் கேட்கிறது. கணவர் அடிக்காத வேளையில் நீங்கள் அவரை அடித்ததுண்டா என்றும் கேட்கிறது. எனினும் வன்முறைக்கு உள்ளானதுண்டா என ஆண்களை அது கேட்பதில்லை. எனவே 'இந்தியாவில் ஆண்கள் பாதிக்கப்படுவதில்லை' என்று கூற இவ்வாய்வு இடந்தரவில்லை. 'சம அளவில் பாதிக்கப்படுகின்றனர்' என்று கூறவும் இடந்தரவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை கிடையாது.

இவ்விடைவெளியை நிரப்ப இரு தரவுகள் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. முதலாவது, ஹரியானாவின் ஊரகப் பகுதியில் திருமணமான 1,000 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு. 52.4 விழுக்காட்டு ஆண்கள் வன்முறைக்கு உள்ளாகியுள்ளனர் என்னும் அதன் முடிவு, 'பாதி ஆண்கள் பாதிக்கப்பட்டவர்கள்' என்னும் செய்தியாகப் பரவியது. அதே ஆய்வின் உட்கூறுகளை நோக்கினால் உளவியல் வன்முறை 51.6 விழுக்காடு, உடல்வன்முறை 6 விழுக்காடு. உளவியல் வன்முறையுள் முதலிடம் பெற்றது குறைகூறுதல். தேசியக் குடும்பநல ஆய்வின் 29.3 விழுக்காட்டில் உளவியல் வன்முறை சேர்க்கப்படவேயில்லை. அதனைத் தனியே கணக்கிடும்போதும் அவ்வாய்வு பிறர்முன் இழிவுபடுத்தல், அச்சுறுத்தல், அவமதித்தல் ஆகியவற்றையே கேட்கிறது; குறைகூறுதலைக் கேட்பதில்லை. ஆகவே 52.4ஐயும் 29.3ஐயும் அருகருகே வைத்து ஒப்பிடுவது, படியால் அளந்ததையும் முழத்தால் அளந்ததையும் ஒப்பிடுவது போன்றதாகும். எனினும் அந்த 6 விழுக்காட்டைச் சிறிதென ஒதுக்குவதும் தவறு. தலைப்பு எண்ணின் ஆரவாரத்தில் மெய்யாக அடிபட்ட அவ்வாண்கள் கவனிக்கப்படாமற் போயினர்.

இரண்டாவது, தற்கொலைத் தரவு. தேசியக் குற்றப் பதிவுக் கூடத்தின் கணக்கின்படி 2021இல் தற்கொலை செய்துகொண்ட திருமணமான ஆண்கள் 81,063 பேர். திருமணமான பெண்கள் 28,680 பேர். ஆண்களுக்குத் தேசிய ஆணையம் வேண்டும் எனக் கோரிய பொதுநல மனு ஒன்றில் இவ்வெண்கள் முன்வைக்கப்பட்டன. 2023 ஜூலையில் உச்சநீதிமன்றம் அம்மனுவை ஏற்க மறுத்தது. திருமணமானவர் என்பது இறந்தவரின் நிலையைக் குறிப்பது. இறப்பின் காரணத்தைக் குறிப்பதன்று. 'குடும்பப் பிரச்சினை' என அக்கூடம் வகுக்கும் காரணமும் கடன், நோய், பூசல், பிரிவு எனப் பலவற்றின் நிழல் படியும் விரிந்த சொல். அது வன்முறைக்கு மறுபெயராகாது. ஆண்களின் தற்கொலை தன்னளவில் பெருந்துயர். அதனை வேறொரு வாதத்தின் கருவியாக்குவது அத்துயரின் மெய்யான காரணங்களை ஆராயும் வழியை அடைப்பதாகும்.

சட்டத்தின் பாலினம்

1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498அ பிரிவு, கணவரும் அவர்தம் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள் அவ்விடத்தில் உள்ளன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் என வன்முறையை விரிவாக வரையறுத்தது. இச்சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் பெண்ணாக மட்டுமே இருத்தல் இயலும். எதிர்த்தரப்பினர் 'வயதுவந்த ஆண்' என முதலில் வரையறுக்கப்பட்டிருந்ததை 2016 அக்டோபரில் உச்சநீதிமன்றம் நீக்கியது. ஆக, வன்முறையாளர் எப்பாலினராகவும் இருக்கலாம் என்பதை இந்தியச் சட்டம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது.

இத்தீர்ப்பு சமச்சீர் வாதத்தின் மற்றொரு குறையையும் சுட்டுகிறது. அமெரிக்க அளவுகோல் கணவன், மனைவி என்னும் இருவரை மட்டுமே அலகாகக் கொண்டது. இந்தியக் குடும்பத்திலோ மாமியார், நாத்தனார், கொழுந்தன் என அதிகாரம் பலரிடம் பரவிக் கிடக்கிறது. திருமணமான பெண் கணவன் வீட்டுக்குப் பெயர்வதே பெருவழக்காக உள்ள சமூகத்தில், யார் யாரை எத்தனை முறை அடித்தார் என்பதைவிட, எவர் வீட்டில் எவர் வாழ்கிறார், வெளியேறினால் போக்கிடம் எவருக்கு உண்டு என்பதே வன்முறையின் கனத்தைத் தீர்மானிக்கிறது. பெண் பெண்ணுக்கு இழைக்கும் கொடுமையையும் பாலின அமைப்பின் விளைவாகக் காண இப்பார்வை உதவுகிறது. இருவரை மட்டும் எண்ணும் அளவுகோல் உதவாது.

நகைப்பும் மௌனமும்

தமிழ்ப் பொதுவழக்கு இவ்வேறுபாட்டை எவ்வாறு பேணுகிறது என்பதும் ஆய்வுக்குரியது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்னும் பழமொழி அடியை அன்பின் முன்னுரையாக்குகிறது. மறுபுறம், வார இதழ்த் துணுக்குகளிலும் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளிலும் பூரிக்கட்டையுடன் நிற்கும் மனைவியும் தலை வீங்கிய கணவனும் சலிக்காத நகைப்பொருள். பெண் அடிபடுவது இயல்பு; ஆண் அடிபடுவது வேடிக்கை. இரண்டுமே பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கின்றன.

ஐந்தாம் சுற்று ஆய்வில் இந்தியப் பெண்களுள் 45 விழுக்காட்டினரும் ஆண்களுள் 44 விழுக்காட்டினரும், குறிப்பிட்ட ஏழு காரணங்களுள் ஒன்றுக்கேனும் கணவன் மனைவியை அடிப்பது தகும் என்றனர். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களுள் உதவி நாடியோர் 14 விழுக்காட்டினரே. 77 விழுக்காட்டினர் எவரிடமும் சொல்லவில்லை. 'அடிபட்ட ஆண்' நகைப்புக்குரியவனாகும் சமூகத்தில் அவனும் சொல்ல முன்வருதல் அரிது. இரு மௌனங்களுக்கும் வேர் ஒன்றே: ஆண் அடிப்பவன், பெண் அடங்குபவள் என்னும் நியதி. அந்நியதியைக் கேள்விக்குள்ளாக்காமல், பெண்ணின் எண்ணுக்கு எதிராக ஆணின் எண்ணை நிறுத்துவதால் ஆணின் மௌனம் கலையப்போவதில்லை.

இதற்கு இங்கிலாந்தின் அனுபவம் ஒரு சான்று. இவான் ஸ்டார்க் 2007இல் வெளியிட்ட நூலில், அடிகளைவிட அன்றாட வாழ்வை அடக்கிக் கட்டுப்படுத்தலே வன்முறையின் மையம் என்றும், அது பெரிதும் பெண்களுக்கு எதிராக நிகழ்வது என்றும் வாதிட்டார். 2015இல் இங்கிலாந்தும் வேல்சும் அத்தகைய நடத்தையைப் பாலின வேறுபாடின்றிக் குற்றமாக்கின. 2018இல் தம் ஆண் இணையரை அவ்வாறு கொடுமைப்படுத்திய பெண்ணொருவர் தண்டிக்கப்பட்டு ஏழரை ஆண்டுச் சிறை பெற்றார். பெண்களின் துயரைப் புரிந்துகொள்ள உருவான கருத்தாக்கமே ஓர் ஆணின் துயரையும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியச் செய்தது. செயல்களை எண்ணும் அளவுகோலில் அவ்வாணும் 'சமமாகச் சண்டையிடும் இணையருள் ஒருவர்' என்னும் பதிவாக முடிந்திருக்கக்கூடும்.

முடிவுரை

சமச்சீர் வாதம், வன்முறைச் செயல் பெண்ணிடமிருந்தும் எழக்கூடும் என்னும் மெய்யை நினைவூட்டியது. அதன் பங்களிப்பு அதுவே. அச்செயல்களின் எண்ணிக்கையைப் பாதிப்பின் அளவாகக் கொண்டது அதன் பிழை. காயம், அச்சம், கட்டுப்பாடு, போக்கிடமின்மை, மரணம் ஆகியவற்றை அளக்குந்தோறும் பாரம் பெண்களின் பக்கமே சாய்கிறது. அதே அளவைகளைக் கொண்டு நோக்கினால்தான், எண்ணிக்கையில் குறைந்தாராயினும், மெய்யாகவே அடக்கி ஒடுக்கப்பட்ட ஆண்களையும் அடையாளம் காண இயலும்.

இப்பொருளில் தமிழில் ஆய்வு செய்வோர் எந்த எண்ணையும் எடுத்தாளுமுன் நான்கினைத் தெரிவித்தல் வேண்டும்: வன்முறை என எவை கணக்கிடப்பட்டன, யாரிடம், எங்குக் கேட்கப்பட்டது, எக்காலம் கருதப்பட்டது, விளைவும் அச்சமும் கேட்கப்பட்டனவா. இந்திய அளவிலான அடுத்த சுற்று ஆய்வுகள் ஆண்களிடமும் அதே கேள்விகளை, அதே தனிமைப் பாதுகாப்புடன் கேட்பது காலத்தின் தேவை. அதன் முடிவு எதுவாயினும், மகளிர் காவல் நிலையத்தின் அறிவுரைக் கூடத்தில் 'இருவர்மேலும் தவறு உண்டு' என்னும் ஒற்றை வரியில் ஒரு புகார் முடிக்கப்படும்போது, அங்கு எண்ணப்படாமல் விடப்படுவது என்ன என்னும் வினாவை எழுப்பும் கடமை ஆய்வாளருக்கு உண்டு.